எழுத்தின் மருமக்கள்

நாஞ்சில் நாட்டில் அப்பனின் வயல் மகனுக்கு வராத காலம் ஒன்று இருந்தது. அங்கே வேளாளர் குடும்பங்களில் சொத்து குடும்பத் தலைவரான காரணவரின் கையில் இருக்கும். அவர் கண்ணை மூடியதும் அது அவருடைய சகோதரியின் மகனுக்குப் போகும். பெற்ற பிள்ளைகளுக்கும் கட்டிய மனைவிக்கும் ‘உகந்துடைமை’ என்று ஒரு சிறு பங்கு. அதையும் வழக்காடித்தான் வாங்க வேண்டியிருந்தது. தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்த வழக்கத்தைக் கிண்டலடித்து ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ எழுதினார். திருவனந்தபுரத்திலிருந்து வந்துகொண்டிருந்த ‘தமிழன்’ இதழில் அது வெளியானது. காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் பாட்டைச் சொல்லி அழுவதாக அமைந்த நூல் அது. 1926-இல் திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்டு நாஞ்சில் நாட்டு வேளாளருக்கு மக்கள் வழியைக் கொண்டுவந்தது.

வயலுக்கு வந்த அந்தச் சட்டம் எழுத்துக்கு வரவில்லை. கடந்த முக்கால் நூற்றாண்டாகத் தமிழுக்கு இத்தனை எழுத்தாளர்களைத் தந்த இந்தச் சிறு குமரி மாவட்டத்தில், எழுத்தாளர் வீட்டுப் பிள்ளைகள் பெற்றது என்ன, பெறாதது என்ன என்று கணக்குப் பார்த்தால் பழைய மருமக்கள் வழிதான் நினைவுக்கு வருகிறது. வீடு, பதிப்புரிமை, பத்திரிகை, பெயர் எல்லாம் மக்களுக்கு வந்திருக்கின்றன. நடையும் பார்வையும் கோபமும் பெரும்பாலும் பக்கவாட்டில் வேறு யார் கைக்கோ போயிருக்கின்றன.

இதற்கு முதல் சாட்சி சுந்தர ராமசாமி. 1931-இல் பிறந்தவர். சிறுவயதில் வந்த மூட்டு நோய் பள்ளிப் படிப்பை முடித்துவைத்தது. குடும்பம் 1939 வரை கோட்டயத்தில் இருந்ததால் தமிழ் எழுத்தும் தாமதமாகவே, பதினெட்டு வயதை ஒட்டித்தான், கைவந்தது. அப்பா வியாபாரி. வாரிசு என்ற முறையில் ராமசாமிக்குக் காத்திருந்தது நாகர்கோவில் ஜவுளிக்கடை. அதை அவர் தள்ளிவிடவும் இல்லை. பல ஆண்டுகள் கடையைக் கவனித்துக்கொண்டேதான் எழுதினார்.

எழுத்தில் அப்பா இல்லாதவர் ஒருவரைத் தேடிக்கொள்ள வேண்டும். புதுமைப்பித்தன் 1948-இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூருக்குள் இருந்தது. ஆகவே தலைநகரத்தில் நடந்த சாவு அது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1951-இல், இருபது வயது ராமசாமி ‘புதுமைப்பித்தன் நினைவு மலர்’ ஒன்றைத் தொகுத்து வெளியிட்டார். அவருடைய இலக்கிய வாழ்க்கை அங்கிருந்துதான் தொடங்குகிறது. கதைகளால் அறியப்படுவதற்கு முன்பே தன் காரணவர் யார் என்று அவர் ஊருக்கு அறிவித்துவிட்டார் என்று சொல்லலாம். முதல் கதையான ‘முதலும் முடிவும்’ அந்த மலரிலேயே வந்தது; ‘தண்ணீர்’ 1953-இல். ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966. ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981. இந்தக் கடைசி நாவலின் கட்டமைப்பே நம் விஷயத்துக்கு நெருக்கமானது. பாலு என்ற தமிழ் எழுத்தாளன், ஜோசஃப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளனின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தேடி அலைகிறான். ரத்த உறவும் இல்லை, மொழி உறவும் இல்லை. ஆனாலும் ஒரு வாரிசின் பதற்றத்தோடு தேடுகிறான்.

பெற்ற தகப்பனைப் பற்றி அவர் நாவலாக எழுத முனைந்தது பிற்காலத்தில்தான். 1998-இல் வந்த ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ 1930-களின் கோட்டயத்தில் நடப்பது. அதில் வரும் எஸ்.ஆர்.எஸ். கண்டிப்பானவர், அவருடைய சொல்லுக்கு வீடே நடுங்கும். அந்த அப்பாவின் நிழலில் பாலு என்ற சிறுவன் நோயோடும் பயத்தோடும் வளர்கிறான். எஸ்.ஆர்.எஸ்ஸைக் கொடுமைக்காரராக்கிக் கணக்குத் தீர்த்துக்கொள்வது எளிதாக இருந்திருக்கும். சுந்தர ராமசாமி அதைச் செய்யவில்லை. நாவலின் பலமே, அப்பாவுக்கும் தனக்கென்று ஒரு தவிப்பு உண்டு என்று காட்டுவதில் இருக்கிறது. அறுபதைத் தாண்டிய பிறகுதான் அது அவருக்குக் கைகூடியது.

அவருடைய மகன் கண்ணனுக்கு வாய்த்த சூழ்நிலை நேர்மாறானது. அவர் பிறந்த 1965-க்கு அடுத்த ஆண்டு ‘புளியமரம்’ வருகிறது. கே.பி. சாலை வீட்டுக்குத் தமிழ் எழுத்தாளர்கள் வருவதும் தங்குவதும் பேச்சு முடியாமல் விடிவதும் அவருக்கு அன்றாடக் காட்சி. ‘காகங்கள்’ என்ற பெயரில் சுந்தர ராமசாமியைச் சுற்றி ஓர் இலக்கியக் கூட்டம் நடந்துவந்தது. இப்படிப்பட்ட வீட்டில் வளரும் பையனுக்கு எழுதுவது பெரிய மாயமாகத் தெரியாது. அது லாபமா சுமையா என்பது அவரவர் சுபாவத்தைப் பொறுத்தது.

கண்ணன் கதையும் கவிதையும் எழுத வரவில்லை. அவர் எடுத்துக்கொண்டது பத்திரிகையை. சுந்தர ராமசாமி 1988-இல் தொடங்கிய ‘காலச்சுவடு’ காலாண்டிதழ் எட்டு இதழ்களும் 1991-இல் ஓர் ஆண்டு மலரும் வந்ததோடு நின்றுபோயிருந்தது. சிறுபத்திரிகைக்கு அது இயல்பான சாவு, யாரும் ஆச்சரியப்படவில்லை. 1994-இல், முப்பதைத் தொடாத வயதில், கண்ணன் அதை மறுபடியும் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு பதிப்பகம். பெயர் அப்பாவுடையது, ஆனால் பத்திரிகை அப்பாவுடையதல்ல. முதல் ‘காலச்சுவடு’ இலக்கியத்தையும் சிந்தனையையும் மையமாகக் கொண்டது. இரண்டாவது ‘காலச்சுவடு’ தலித் அரசியலையும் ஈழத்தையும் மதவாதத்தையும் பண்பாட்டு விவகாரங்களையும் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. காலாண்டிதழ் பிறகு மாத இதழானது. 2000 செப்டம்பரில் சென்னையில் ‘தமிழ் இனி 2000’ என்று உலகத் தமிழ் எழுத்தாளர்களைக் கூட்டி ஒரு மாநாடு நடத்தும் அளவுக்கு வளர்ந்தது.

நாவலாசிரியரின் மகன் பதிப்பாளராவதைச் சிலர் இறக்கமாகப் பார்ப்பார்கள். அது தவறான கணக்கு. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு மூண்டு, எழுத்தாளரே இனி எழுதப்போவதில்லை என்று அறிவித்த நிலையில், வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2016 ஜூலையில் வந்த தீர்ப்பு எழுத்தாளர் பக்கம் நின்றது. அந்த நாட்களில் பதிப்பாளர் புத்தகத்தைக் கைகழுவியிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். சுந்தர ராமசாமி கட்டுரைகளில் வாதாடிய கருத்துச் சுதந்திரத்தை, மகன் நீதிமன்றப் படியேறிக் காக்க வேண்டியிருந்தது. கண்ணன் கட்டுரைத் தொகுப்புகளும் வெளியிட்டிருக்கிறார். அவற்றின் உரைநடையில் அப்பாவின் சாயலைத் தேடுபவர் ஏமாந்துபோவார். அது தகவலும் வாதமுமாக நேராக நடக்கும் நடை.

சட்டம் என்ன கொடுத்தது என்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். சுந்தர ராமசாமி 2005 அக்டோபரில் அமெரிக்காவில் காலமானார். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளுக்கு உரிமை வாரிசுகளிடம் இருக்கும். அதாவது 2065 முடியும் வரை. தமிழில் இந்த உரிமையைப் பயன்படுத்தத் தெரியாமல் அப்பாவின் நூல்கள் அச்சில் இல்லாமல் போகவிட்ட வாரிசுகள் பல பேர். சுந்தர ராமசாமியின் நூல்கள் தொடர்ந்து அச்சில் இருப்பதற்கும் பிற மொழிகளுக்குப் போனதற்கும் ஒரு காரணம், வாரிசே பதிப்பாளராக இருப்பது. உகந்துடைமை நன்றாக விளைந்திருக்கிறது.

ஆனால் எழுத்து? அந்தச் சொத்து கே.பி. சாலை வீட்டுக்கு வந்துபோன இளைஞர்களிடையே பிரிந்தது. வேதசகாயகுமார் விமர்சனத்தை எடுத்துக்கொண்டார். ராஜமார்த்தாண்டன் கவிதையையும் கவிதைத் தேர்வையும். பெரும் பங்குக்கு வழக்குப் போட்டவர் திருவரம்பிலிருந்து வந்த, தொலைபேசித் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர்: ஜெயமோகன்.

ஜெயமோகன் 1962-இல் பிறந்தவர். 1990-இல் ‘ரப்பர்’, 1997-இல் ‘விஷ்ணுபுரம்’. சுந்தர ராமசாமியிடம் வந்து, கற்று, வாதாடி, கடைசியில் அவருடைய அழகியலுக்கு நேரெதிரான இடத்தில் போய் நின்றவர். சு.ரா. சொல்லைச் சுண்டக் காய்ச்சுவார். இவர் ‘வெண்முரசு’ என்று 26 நாவல்களை 2014-க்கும் 2020-க்கும் இடையில் எழுதித் தள்ளினார். சு.ரா. மறைந்த உடனேயே அவரைப் பற்றி ‘நினைவின் நதியில்’ என்று ஒரு நூல் எழுதினார். பாசமும் முரண்பாடும் ஒன்றையொன்று விடாமல் பின்னிக் கிடக்கும் நூல். ஒரு மகன் எழுதக்கூடிய நூல் அது. எழுதியவர் மகன் அல்ல. குருவிடம் முரண்படும் உரிமை சீடனுக்குக் கிடைப்பது போலப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. பிள்ளை முரண்பட்டால் குடும்பச் சண்டை என்பார்கள், ஒத்துப்போனால் அப்பா பிள்ளை என்பார்கள்.

மாவட்ட எல்லையைத் தாண்டித் திருநெல்வேலிக்குப் போனால் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தி.க. சிவசங்கரனும் அவருடைய மகன் வண்ணதாசனும். தி.க.சி. முற்போக்கு முகாமின் விமர்சகர். ‘தாமரை’ இதழின் ஆசிரியப் பொறுப்பில் இருந்து ஒரு தலைமுறை எழுத்தாளர்களை வளர்த்தவர். இலக்கியம் சமூகத்துக்குப் பயன்பட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதவர். மகனோ ஒரு பெண் கூந்தலை முடிந்துகொள்வதையும், சுவரில் விழும் வெயிலையும், ஒரு வீட்டில் கேட்கும் பாத்திர ஓசையையும் எழுதி அதிலேயே கதையை முடித்துவிடுபவர். கதைக்கு வண்ணதாசன், கவிதைக்குக் கல்யாண்ஜி என்று இரண்டு பெயர்கள். இரண்டிலும் அப்பாவின் பெயர் இல்லை. ‘விமர்சனங்கள், மதிப்புரைகள், பேட்டிகள்’ நூலுக்காக 2000-இல் அப்பாவுக்குச் சாகித்திய அகாதெமி விருது. ‘ஒரு சிறு இசை’ தொகுப்புக்காக 2016-இல் மகனுக்கு. அதைப் பார்க்க தி.க.சி. இல்லை, 2014-இல் மறைந்துவிட்டார்.

கொள்கையில் எதிரெதிராக நின்ற இருவரையும் சேர்த்தது தபால். தி.க.சி. யார் எழுதியது பிடித்தாலும் ஒரு கார்டு போட்டுவிடுவார். சுடலைமாடன் கோவில் தெரு வீட்டிலிருந்து போன அந்தக் கார்டுகள் எத்தனையோ இளம் எழுத்தாளர்களின் பெட்டிகளில் பத்திரமாக இருக்கின்றன. வண்ணதாசனும் தீராத கடிதக்காரர். அவருடைய கடிதங்களே ‘எல்லோர்க்கும் அன்புடன்’ என்று தனி நூலாக வந்தன. அவற்றைக் கதைகளுக்கு இணையாகக் கொண்டாடும் வாசகர்கள் உண்டு. அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தது அழகியல் அல்ல, முகம் தெரியாத ஒருவருக்கு உட்கார்ந்து எழுதும் பழக்கம். அந்தப் பழக்கம் மகன் கையில் இலக்கியமாயிற்று.

வெளியுலகிலும் கதை இப்படித்தான் கோணலாகப் போகிறது. கிங்ஸ்லி ஏமிஸ் முதல் நாவலுக்காக 1955-இல் வாங்கிய சாமர்செட் மாம் பரிசை, மகன் மார்ட்டின் ஏமிஸும் முதல் நாவலுக்காக 1974-இல் வாங்கினார். அதற்காக அப்பா மகனின் நாவல்களை ரசித்தார் என்று சொல்ல முடியாது. அனிதா தேசாய் மூன்று முறை, 1980, 1984, 1999-இல், புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்து வெறுங்கையோடு திரும்பினார். மகள் கிரண் தேசாய் 2006-இல் அதை வாங்கினார். பரிசு பெற்ற நாவலை அம்மாவுக்குத்தான் சமர்ப்பித்திருந்தார்.

மறுபடியும் நாகர்கோவிலுக்கு. ஜெயமோகனின் மகன் அஜிதன் 2022-இல் ‘மைத்ரி’ என்ற நாவலோடு வந்தார். அடுத்து ‘அல் கிஸா’. எழுத்தாளர் பிள்ளைக்கு எதிரான சந்தேகம் நம்மிடம் உடனே கிளம்பும்: வாசகர் கூட்டம் தயாராக இருக்கிறது, பதிப்பகம் தயாராக இருக்கிறது, பிறகென்ன? அந்தச் சந்தேகத்தில் நியாயம் இல்லாமலில்லை. முதல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதிப்பகம் பதிப்பகமாக ஏறி இறங்கிய தமிழ் எழுத்தாளர்களுக்கு வாய்க்காத கதவு இது. ஆனால் கதவைத் திறந்துகொண்டு அவர் போன திசை கவனிக்க வேண்டியது. அப்பாவின் புனைவுலகின் அடித்தளம் குமரி மாவட்டம். ‘ரப்பர்’, ‘காடு’, ‘ஏழாம் உலகம்’ எல்லாம் இந்த மண்ணின் மலையையும் மழையையும் பேச்சையும் உறிஞ்சி வளர்ந்தவை. மகனின் முதல் நாவல் இமயமலைக்குப் போகிறது; இரண்டாவது அஜ்மீருக்கு. கல்குளமும் விளவங்கோடும் அப்பாவின் பெயருக்குப் பட்டா ஆகிவிட்ட நிலம் என்று தெரிந்தே மகன் வடக்கே வண்டி ஏறினார் போலும். இரண்டு மூன்று நூல்களை வைத்துத் தீர்ப்புச் சொல்வது அவசரம். நாஞ்சில் நாட்டை அவர் எழுதும் நாளில்தான் ஒப்பீடு உண்மையிலேயே தொடங்கும்.

அதே வீட்டிலிருந்து, அதே காலத்தை ஒட்டி, இன்னொரு முதல் புத்தகமும் வந்தது: அருண்மொழி நங்கையின் ‘பனி உருகுவதில்லை’. ஜெயமோகனின் மனைவி, தஞ்சைப் பகுதியில் கழிந்த தன் இளமையை எழுதியிருக்கிறார். கணவரின் முதல் நாவல் வந்து 30 ஆண்டுகளுக்குப் பிறகு. சு.ரா. வீட்டிலும் கமலா ராமசாமியின் ‘நெஞ்சில் ஒளிரும் சுடர்’ கணவர் மறைந்த பின்பே வந்த நினைவு நூல். வாரிசு என்று பேசும்போது நாம் மகன்களையே எண்ணுகிறோம். எழுத்தாளர் வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக்கொண்டு, அத்தனை பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கணக்கில் வருவதில்லை. அவர்கள் எழுத வரும்போது வயது ஐம்பதைத் தாண்டிவிடுகிறது.

இந்த வரிசையில் எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டிப் போடும் ஒரு நூல் மணிக்கட்டிப்பொட்டலில் இருந்து வந்தது. அந்த ஊர்க்காரரான பொன்னீலன் 1940-இல் பிறந்தவர். இயற்பெயர் கண்டேஸ்வர பக்தவத்சலன். அப்பா சிவ பொன்னீலவடிவின் பெயரிலிருந்து எடுத்துக்கொண்ட புனைபெயர் பொன்னீலன். கல்வித் துறையில் வேலை. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பூமியில் பணியாற்றிய அனுபவம் 1976-இல் ‘கரிசல்’ நாவலாயிற்று. நெருக்கடி நிலைக் காலத்தை எழுதிய ‘புதிய தரிசனங்கள்’ 1994-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதுவரை அவர் எழுத்தாளர் பிள்ளை அல்ல. 1998-இல் ஆனார்.

அந்த ஆண்டு பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் ‘கவலை’ என்ற தன்வரலாற்றை வெளியிட்டது. எழுதியவர் அழகியநாயகி அம்மாள், பொன்னீலனின் அம்மா. மேல்படிப்பு இல்லாதவர். மகன் எழுத்தாளர் என்பதால் எழுத வந்தவர். ஆனால் மகனைப் பார்த்து எழுதியவர் என்று ஒரு பக்கம்கூடச் சொல்லாது. நாடார் விவசாயக் குடும்பத்துப் பேச்சு அப்படியே தாளில் இறங்கியிருக்கிறது. பழமொழி வருகிறது, கதை வருகிறது, சொந்தக்காரர்களின் வம்பு வழக்கு வருகிறது, ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு அவர் அப்பன் பாட்டன் வரை போய்த் திரும்புகிறார். சொத்துத் தகராறும் பசியும் பிரசவமும் சாவும் ஒரே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லப்படுகின்றன. கண்ணீருக்கென்று தனியாக வாக்கியம் ஒதுக்கவில்லை. இலக்கியம் என்று நினைத்து எழுதாததால் இலக்கியத்தின் பாவனைகள் எதுவும் ஒட்டவில்லை.

நாட்டார் வழக்காற்றியல் மையம் வெளியிட்டது ஒரு நன்மை. வேறு யாரும் அன்று அதை அச்சிட்டிருப்பார்களா என்பது சந்தேகம். ஒரு தீமையும் உண்டு. தாலாட்டும் ஒப்பாரியும் வைக்கும் அலமாரியில் அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஆசிரியர் உண்டு, அவருக்கென்று நோக்கும் தேர்வும் உண்டு என்பதைவிட, தகவல் திரட்டு என்ற பார்வை முந்திக்கொண்டது. பின்னால் காலச்சுவடு அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தபோதுதான் அது வழக்காற்றியல் மாணவர்களைத் தாண்டிப் பொது வாசகர் கைக்குப் போனது. ஒரு நாவலாசிரியரின் மகன் நடத்தும் பதிப்பகம் இன்னொரு நாவலாசிரியரின் அம்மாவை அச்சுக்குக் கொண்டுவந்தது, இந்த மாவட்டத்தில் மட்டுமே நடக்கக்கூடிய காரியம்.

‘கவலை’க்குப் பிறகு வந்த பொன்னீலனைப் படிப்பவர்களுக்கு ஒரு மாற்றம் தெரியும். ‘கரிசல்’, ‘புதிய தரிசனங்கள்’ இரண்டும் கட்சி, போராட்டம், வர்க்கம் என்று தெளிவான சட்டகத்துக்குள் நிற்பவை. 2010-இல் வந்த ‘மறுபக்கம்’ 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தை எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்த ஒரு சம்பவத்தில் நிற்காமல், தோள்சீலைக் கலகம் வரை பின்னோக்கிப் போய், சாதிகளின் வாய்மொழிக் கதைகள், சாமிக் கதைகள், கிழவர்களின் நினைவுகள் என்று பரந்து, சில இடங்களில் நாவலின் கட்டே அவிழ்ந்துபோகிறது. விமர்சகர்கள் அதைக் குறையாகச் சொல்லலாம். ஒருவரை விட்டு இன்னொருவர் என்று பேச்சிலிருந்து பேச்சுக்குத் தாவிப் போகும் அந்த முறையை அவர் சோவியத் நாவல்களிலிருந்தும் எடுக்கவில்லை, தமிழ் நாவலாசிரியர்களிடமிருந்தும் எடுக்கவில்லை. மூன்று பாகமாகத் திட்டமிட்டு நாவல் எழுதிய அகாதெமி விருதாளர், எழுபது வயதில், அம்மாவின் நோட்டுப் புத்தகத்திலிருந்து கதை சொல்லும் விதத்தை எடுத்துக்கொண்டார் என்றுதான் தோன்றுகிறது.